கோடைப் பழமும் வீட்டுப் பனியும்

மாம்பழம் தெருவெங்கும் கூடை கூடையாக வந்து இறங்கும் வைகாசி மாதத்தில், அதன் வாசனைக்காக எசென்ஸும் நிறத்துக்காகச் சாயமும் கலந்த சர்க்கரைநீரை உறைய வைத்துக் குச்சியில் செருகி விற்கும் பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கிக் குழந்தைகளின் கையில் தரும் வழக்கம், பழத்துக்குப் பெயர்போன இந்நாட்டில் எவ்வாறு இவ்வளவு இயல்பாக நிலைபெற்றது என்பது எனக்கு நெடுநாளாக விளங்காத விஷயம். சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் விளைந்த பழம், பருவத்தின் உச்சத்தில் விலை சரிந்து, இரண்டு நாள் தாமதித்தால் கெட்டுவிடுமே என்ற அச்சத்தில் வீட்டுக்கு வீடு அவசர அவசரமாகத் தின்று தீர்க்கப்படுகிறது. தின்று தீராதது குப்பைக்குப் போகிறது. அதே வீட்டில், அதே வேளையில், குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் ஓர் ஐஸ் டிரேயைத் தவிர வேறொன்றும் இல்லாமல் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. மீந்த பழத்தையும் காலியான அந்த இடத்தையும் ஒன்றுசேர்க்கும் எளிய கைவேலை ஒவ்வொரு குடும்பத்திலும் கோடைக்காலத்து வழக்கமாக ஆகவேண்டும் என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

பனிக்கட்டி நம் நாட்டில் நெடுங்காலம் அரசர்க்கும் செல்வர்க்குமே உரிய போகப் பொருளாக இருந்து வந்தது. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிரச் செய்ததையும், வடக்கே மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்து சேர்ந்ததையும் அபுல் பஸல் தமது அயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார். சென்னைப்பட்டணத்துக்குப் பனி வந்த வழியோ இன்னும் ஆச்சரியமானது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வர்த்தகரான பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளின் நீரைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, உருகாதபடி பொதிந்து கப்பலில் ஏற்றி, 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அனுப்பினார்; ஏற்றிய சுமார் 180 டன்னில் வழியில் கரைந்தது போக ஏறக்குறைய 100 டன் கரை சேர்ந்தது. அந்த வியாபாரம் விருத்தியடைந்து, 1842-இல் சென்னைக் கடற்கரையோரமாக ஒரு பனிக்கிடங்கும் எழும்பிற்று. பிற்காலத்தில், 1897-இல், சுவாமி விவேகானந்தர் சில தினங்கள் தங்கியிருந்த அந்தக் கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. ஆயினும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பேட்டையை விட்டு இன்னும் போகவில்லை. பல மாத காலம் சமுத்திரத்தைக் கடந்து வந்த அந்தப் பனியை வாங்கிக் குடிக்கும் சக்தி அன்று பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் தனவந்தருக்குமே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய நிலைமை முற்றிலும் வேறு. நடுத்தரக் குடும்பங்களில் மட்டுமின்றி, தவணையில் பணம் கட்டி வாங்கிய உழைப்பாளர் வீடுகளிலும் ஒற்றைக் கதவுக் குளிர்பதனப் பெட்டி நின்றுகொண்டிருக்கிறது. மிக்ஸியோ, 2011-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லாமல் வழங்கிய பிறகு, ஏழை எளியவர் குடிசையிலும் புகுந்துவிட்டது. பழத்தைப் பனியாக்க இவ்விரண்டு யந்திரங்களுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்றிருக்க, இது ஏதோ பெரிய ஹோட்டல் சமையற்காரர்களுக்கே கைவந்த வித்தை என்றும், கிரீம், கண்டன்ஸ்டு மில்க், கஸ்டர்ட் பவுடர் முதலிய சாமக்கிரியைகள் இல்லாமல் நடவாத காரியம் என்றும் எண்ணி நம் இல்லத்தரசிகளிற் பலர் ஒதுங்கி நிற்பது விசனத்துக்குரியது.

செய்முறைக்கு ஆதாரமான ஒரு தத்துவத்தை மட்டும் தெரிந்துகொண்டால், எந்தப் பழம் கிடைத்தாலும் புத்தகத்தைப் புரட்டாமலே செய்துவிடலாம். தூய நீர் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் கல்லாக உறைந்துவிடுகிறது. அதிலே சர்க்கரை கரைந்திருக்குமானால், நீரின் ஒரு பகுதி முதலில் பனிப்படிகமாகப் பிரிய, எஞ்சிய திரவத்தில் சர்க்கரையின் செறிவு கூடிக்கொண்டே போய், அது உறைவதற்கு மேலும் மேலும் மிகுந்த குளிர் தேவைப்படுகிறது. ஆகவே, வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக் குளிரிலும் ஒரு பகுதி உறையாத பாகாகவே தங்கி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகிவிடாமல் காக்கிறது. சர்க்கரை குறைந்தால் கரண்டி இறங்காது. மிகுந்தால் கூழாகவே நின்றுவிடும். மேலும், நாவு குளிர்ந்திருக்கும்போது இனிப்பை உணரும் சக்தி அதற்குக் குறைந்துவிடுவதால், உறைவதற்கு முன் ருசி பார்க்கையில் சற்றே திகட்டுவதுபோல் இருப்பதுதான் உறைந்த பின் சரியாக இருக்கும். எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பது, இந்த இனிப்பு வெறும் இனிப்பாக நின்றுவிடாமல் பழத்தின் சுபாவமான புளிப்பையும் மணத்தையும் எடுத்துக்காட்டுவதற்காக.

மாம்பழத்திலிருந்து தொடங்குவதே மரியாதை. இமாம் பசந்தும் மல்கோவாவும் கிடைத்தால் அவற்றை அப்படியே அரிந்து உண்ணவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவற்றின் நுட்பமான பரிமளம் கடுங்குளிரில் அடங்கிப்போய்விடும். பங்கனபள்ளியும் செந்தூராவும், பருவத்தின் கடைசியில் வரும் நீலமும் இந்தக் காரியத்துக்கு மிகவும் ஏற்றவை. தோல் சுருங்கி, காம்படியில் மணம் தூக்கலாக வீசும் அளவுக்குக் கனிந்த பழத்தின் சதையை அரைத்து, நார் இருந்தால் வடிகட்டி, அரைக் கிலோ விழுதுக்கு அறுபது எழுபது கிராம் சர்க்கரையும் பாதி எலுமிச்சம்பழத்தின் சாறும் உப்பும் சேர்த்து, அகன்ற எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மூன்று மணி நேரத்தில் விளிம்பு இறுகி நடுப்பகுதி தளதளவென்றிருக்கும் பருவம் வரும். அப்போது அதை வழித்தெடுத்து மிக்ஸியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் உறைய வைப்பதில்தான் காரியத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. மெதுவாக உறையும்போது பருத்து வளர்கிற பனிப்படிகங்கள் அந்த ஒரு சுற்றில் உடைந்து, நாவில் நெருடாத நேர்த்தியை அடைகின்றன. பால் ஒரு சொட்டும் சேராத இந்தப் பதார்த்தத்தை வாயில் இட்டவுடன், முதலில் குளிர்ச்சியும், அது கரையும்போது இனிப்பும், எல்லாம் கரைந்த பின்னர் தொண்டைக்கு மேலே மாம்பழத்தின் மணமுமாக அடுத்தடுத்து எழுவதை உணர்ந்தவர்கள், இதில் கிரீம் கலந்து அந்த மணத்தை மூடிமறைக்க ஒருபோதும் இசையமாட்டார்கள்.

தர்பூசணிக்கு வேறு முறை. அதில் இயற்கையான சர்க்கரை குறைவு, நீரே மிகுதி. ஆகையால் அதை மழமழப்பான விழுதாக உறைய வைக்க முயல்வது வீண் சிரமம். விதை நீக்கி அரைத்து வடித்த சாறு ஒரு லிட்டருக்கு நூறு கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சம்பழச் சாறும் கலந்து, விரற்கடை உயரத்துக்கு மிகாமல் தட்டில் ஊற்றி உறைய விடவேண்டும். முதல் அரைமணியில் ஓரங்களில் மட்டும் மெல்லிய ஏடு படிந்திருக்கும். அதை முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளவேண்டும். அடுத்த அரைமணியில் ஏடு உள்நோக்கிப் பரவி, சுரண்டும்போது சரசரவென்ற ஓசை கேட்கும். இவ்வாறு ஐந்தாறு முறை சுரண்டிய பிறகு, தட்டில் திரவம் என்பதே இல்லாமல், ரோஜா நிறத்தில் உதிரி உதிரியான பனித்துகள் குவிந்து நிற்பதைக் காணலாம். சிசிலித் தீவினர் கிரானிட்டா என்ற பெயரால் கோடையில் காலை ஆகாரத்துக்கே உண்ணும் பண்டம் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். விடுமுறையில் வீட்டை இரண்டுபடுத்தும் பிள்ளைகளிடம் முள்கரண்டியைக் கொடுத்து இந்த வேலையை ஒப்படைத்துவிடலாம். திரவமாக இருந்த ஒன்று தம் கண்ணெதிரே தம் கையாலேயே பனியாக மாறுவதைப் பார்த்த பிள்ளை, அதன் காரணத்தைக் கேளாமல் இராது.

வாழைப்பழத்துக்கோ சர்க்கரையும் வேண்டியதில்லை. நன்றாகக் கனிந்த ரஸ்தாளியையோ செவ்வாழையையோ உரித்து வட்டமாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரவு முழுவதும் உறைய வைத்து, மறுநாள் ஐந்து நிமிஷம் வெளியில் வைத்திருந்து, மோட்டார் திணறாதபடி விட்டு விட்டு மிக்ஸியில் அரைத்தால், முதலில் மணல்மணலாக உதிர்ந்து, நம்பிக்கை இழக்கும் தருணத்தில் திடீரென்று ஒன்றுசேர்ந்து, பாலேடு கலந்து கடைந்தது போன்ற பதத்துக்கு வந்துவிடும். பன்னீர்த் திராட்சையைக் கொதிக்கவிட்டு வடித்த சாறு, கம்பம் பள்ளத்தாக்கின் தயவால், கோடை கழிந்தும் இதற்குக் கைகொடுக்கும். அன்னாசியையும் பப்பாளியையும் பாலோடு சேர்க்க விரும்புவோர் முன்னதாகப் பழத்தைச் சில நிமிஷம் கொதிக்க வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றிலுள்ள நொதிப் பொருள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். பண்ருட்டிப் பலாச்சுளையைத் தேங்காய்ப் பாலோடும் வெல்லப் பாகோடும் அரைத்து உறைய வைத்தால், பண்டிகை நாளில் இலையில் விழும் பிரதமனின் நினைவு வராமற் போகாது. வெல்லமும் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் சேர்ந்த பானகத்தைச் சிறிய டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகி உறைய வைக்கலாமே என்று ஏன் நம்மில் பலருக்கும் தோன்றவில்லை? நுங்கை மாத்திரம் ஃப்ரீசரில் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அதன் மென்மையே அதன் உயிர், உறைந்து இளகிய நுங்கில் அது இராது. இளநீரைத் தனியாக உறைய வைத்தாலும் வெறும் கட்டியாகவே நிற்கும். வழுக்கையைச் சேர்த்து அரைத்தால்தான் பதம் வரும்.

கடையில் விற்பதெல்லாம் தீங்கானது என்று கூறுவது என் நோக்கமன்று. ஆனால் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பேதத்தை அநேகர் அறியாமலே இருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்ற பெயருக்குப் பாத்தியதை கொண்டாடும் பண்டத்தில் பால் கொழுப்பு நூற்றுக்குப் பத்துப் பங்காவது இருக்கவேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயைக் கொண்டு செய்தால் அதற்கு ஃப்ரோஸன் டெசர்ட் என்று பெயர், அதை உறையின்மீது அச்சிடவும் வேண்டும். அவ்விரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரியான வர்ணப்படத்தோடு, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்க, மாம்பழப் படத்தைக் கண்டு மயங்கி வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பி அதில் பழம் எத்தனை பங்கு என்று பார்ப்பதேயில்லை. தெருவில் மணியடித்து வரும் ஐஸ் வண்டிக்காரர் கடும் வெயிலில் உழைத்துப் பிழைப்பவர். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் விற்கும் பண்டம் எந்த நீரில் உறைந்தது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது. உறைய வைத்தால் கிருமிகள் மாண்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அவற்றுள் பல, குளிரில் ஒடுங்கிக் கிடந்து, உருகியதும் மறுபடியும் பெருகக்கூடியவை. ஆகவே வீட்டில் செய்யும்போதும் காய்ச்சி ஆறிய நீரையே சேர்க்கவேண்டும். பழத்தைக் கழுவிய பிறகே தோல் சீவவேண்டும். மின்சாரம் போய் உருகிவிட்டதைத் திரும்ப உறைய வைத்து உண்ணலாகாது. மூடியில்லாமல் வைத்தால் வெங்காயத்தின் வாடையும் மீனின் வாடையும் ஏறிவிடும் என்பதையும், நீர் உறையும்போது பரிமாணத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியுமாதலால் டம்ளரை விளிம்புவரை நிரப்பக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளும் இதனின்று விலக்கப்பட்டவை அல்ல. பனிக்கட்டியை நொறுக்கி, மூன்று பங்குப் பனிக்கு ஒரு பங்கு எடையுள்ள கல்லுப்பைத் தூவிக் கலந்தால், பனி உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருள்களிடமிருந்து பறித்துக்கொண்டு, அந்தக் கலவை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே, ஏறக்குறைய மைனஸ் 21 டிகிரி வரையிலும் இறங்க வல்லது. 1843-இல் பிலடெல்பியா நகரத்து நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைப்பிடி யந்திரம் இந்தத் தத்துவத்தில்தான் இயங்கிற்று. அந்த யந்திரமும் நமக்குத் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் உப்புப் பனியைப் போட்டு, அதன் நடுவில் பழவிழுது நிரப்பிய எவர்சில்வர் தூக்கை இறுக மூடிப் புதைத்து, கைப்பிடியைப் பற்றி இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டே இருந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து உட்சுவரில் படிந்ததை வழித்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் பதம் கண்டுவிடும். கடையில் வாங்கிய அந்தப் பனியும் உப்புநீரும் தூக்கினுள் ஒரு துளியும் புகாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். உப்புப் பனியை வெறுங்கையால் நெடுநேரம் தொடவும் கூடாது.

குளிர்ந்ததைத் தின்றால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமியே அன்றிக் குளிர்ச்சி அன்று; ஆயினும், ஏற்கெனவே தொண்டை கட்டியிருக்கும் குழந்தைக்கு அன்று கொடாமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, பெரியவர்களின் மனமும் சமாதானப்படும். நீரிழிவு உள்ளவர்களைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பழம் என்பதாலேயே இது அவர்களுக்கு ஏற்றதாகிவிடாது. இயற்கைச் சர்க்கரையும் சர்க்கரையே. வீட்டில் செய்கிறவருக்கு எவ்வளவு போட்டோம் என்பது தெரிந்திருக்கும், அதைக் கொண்டு அளவோடு பரிமாறலாம் என்ற அனுகூலம் மட்டுமே இதில் உண்டு.

பத்து ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வடாமும் வற்றலும் கடையில் மலிந்து கிடக்கின்றன. ஆயினும் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வேட்டியை விரித்து, கூழ் காய்ச்சி, வடாம் பிழியும் குடும்பங்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கின்றன. கோடை வெயிலை வீணாக்காமல் ஆண்டு முழுமைக்கும் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த சமூகம் நம்முடையது. அந்த வெயிலோடு சேர்ந்து வரும் பழத்தையும் அவ்வாறே பேணிக்கொள்ளும் வழி, முன்னோர்க்கு ஊறுகாயாகவும் மாம்பழத் திரையாகவும் அமைந்தது; பனியாக உறைய வைக்கும் வசதி அவர்களுக்கு இல்லாமல் போயிற்று, நமக்கோ அது சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறது. வடாம் பிழிவதற்கு உள்ள அதே கௌரவத்தை, அதே கூட்டு உழைப்பை, பிள்ளைகளும் பாட்டிமாரும் ஒன்றாக உட்காரும் அதே பிற்பகலை, இந்தப் புதிய வேலைக்கும் நாம் கொடுக்கலாம். ஆண்பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது என் விண்ணப்பம். பழம் அரிவதும் தட்டைச் சுரண்டுவதும் தாய்மாரின் தலையில் மட்டும் விழுமானால், இது ஒரு கோடையோடு நின்றுபோகும்.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இது: வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது, நன்றாகக் கனிந்துவிட்டதால் விலை குறைத்துத் தனியே ஒதுக்கி வைத்திருக்கும் மாம்பழத்தில், அழுகல் இல்லாததாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கி வாருங்கள். நீலம் வரத்து ஆனி மாதமும் இருக்கும். அதற்குள் ஒருமுறையேனும் செய்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழைத்துக் கொடுத்துப் பாருங்கள்.